லெந்து நாட்களில் சுட்ட பறவைகள்

நம் காலை நடைக் கூட்டத்தில் போன வாரம் ஒரு போட்டோ கைக்குக் கை சுற்றியதே, ஞாபகம் இருக்கிறதா? அமெரிக்காவில் இருக்கிற மகன் ஒரு மானைச் சுட்டுவிட்டு, கொம்பைப் பிடித்து அதன் தலையைத் தூக்கிக் காட்டியபடி நிற்கிறான். காட்டியவர் நம்மில் ஒருவர்தான், பெருமையாகத்தான் காட்டினார். உடனே பெஞ்சில் பட்டிமன்றம் ஆரம்பித்துவிட்டது. "சாப்பிடத்தானே சுட்டான், நாம கடையில வாங்கறதில்லையா?" என்றார் ஒருவர். "சாப்பிடறவன் எதுக்குப் பல்லக் காட்டிக்கிட்டு போட்டோ எடுக்கணும்?" என்றார் இன்னொருவர். அப்புறம் என் பக்கம் திரும்பி, நீங்க என்ன சொல்றீங்க என்று கேட்டீர்கள். முழங்கால் வலி என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். வலி உண்மைதான், ஆனால் அதற்காக எழுந்து வரவில்லை.

நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. இனி யாருக்கு எந்தக் காலை விடியும் என்று சொல்ல முடியாது. அதனால் இதை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். நியாயம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக்கு வரிசையில் நிற்கிறவள்தான் நானும். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. சேலையூரைத் தாண்டி, மாடம்பாக்கம் போகிற வழியில் வாடகை வீடு. இன்று அந்த இடத்தைக் கண்டுபிடிக்க என்னாலேயே முடியாது, அத்தனை அடுக்கு மாடி. அன்று பின்பக்கக் கதவைத் திறந்தால் வேலி, வேலிக்கு அப்பால் தரிசு, அதற்கு அப்பால் ஏரி. மாசி பங்குனியில் ஏரி வற்றி நடுவுக்குப் போய்விடும். காற்று திரும்பினால் சேற்று நாற்றமும் மீன் நாற்றமும் வீட்டுக்குள் வரும். எனக்கு அந்த நாற்றம் பிடிக்கும். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கடவுளையும் அவர் கணக்குப் பாடம் போலத்தான் வைத்திருந்தார். வழிமுறை சரியாக இருந்தால் விடை சரியாக வரும். சாம்பல் புதனன்று எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை மூன்றும் நிற்கும். ஈஸ்டர் காலையில்தான் திரும்ப வரும். அந்த நாற்பது நாளும் பூசணிக்காய்க் கூட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, மாலையில் சுண்டல். அப்பா கூடுதலாகக் காபியையும் விட்டுவிடுவார். காபி இல்லாத அப்பாவுக்கு முதல் பத்து நாள் தலைவலி இருக்கும், அந்தப் பத்து நாளும் எங்களுக்கும் இருக்கும். நம் வீடுகளில் பலருக்கு இந்த லெந்து நாட்கள் தெரியும், தெரியாதவர்கள் பக்கத்து வீட்டு நோன்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் லெந்து தொடங்கி நாலைந்து நாளில் மாமா வந்தார். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். அவர்களுடைய அம்மா மாமாவின் சின்ன வயதிலேயே தவறிப்போய், என் அம்மாதான் அவரைத் தூக்கி வளர்த்தாள். மாமாவுக்கு மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலை. நிச்சயம் ஆகியிருந்த கல்யாணம் நின்றுபோய், மனசு சரியில்லை என்று நீண்ட லீவு போட்டுவிட்டுப் புல்லட்டில் வந்து இறங்கினார். முதுகில் கான்வாஸ் உறைக்குள் இரட்டைக் குழல் துப்பாக்கி. பறவையைச் சுடுவது குற்றம் என்று அன்றைக்கு எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

மாமாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு உயிர் அவர். பாடுவார், சீட்டுக்கட்டில் வித்தை காட்டுவார், என்னை புல்லட் டாங்கியின் மேல் உட்கார வைத்துக் கேம்ப் ரோடு வரை ஓட்டிக்கொண்டு போவார். சாயங்காலம் துப்பாக்கியைப் பிரித்து எண்ணெய் போட்டுத் துடைக்கும்போது என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். சுட்டு முடித்த தோட்டாக் குப்பிகளை எனக்கே தந்துவிடுவார். சிவப்பு அட்டை, அடியில் பித்தளைத் தொப்பி. மூக்கருகே வைத்தால் தீபாவளி மறுநாள் காலை வாசம். ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வைத்திருந்தேன்.

வந்த மறுநாளே காலையில் ஏரிக்குப் போய், எட்டு மணிக்குப் பதினோரு கிளுவையோடு திரும்பினார். சின்ன வாத்து மாதிரி இருக்குமே, அதுதான் கிளுவை. துணி துவைக்கிற கல்லின் மேல் பதினொன்றையும் வரிசையாக, தலை எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கினார். இறக்கையில் பச்சையாக ஒரு பட்டை வெயிலில் மின்னியது. அழகாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "தம்பி, லெந்து நாளுடா. இத வச்சு நான் என்ன செய்ய?"

"நான் சாப்பிடவா சுட்டேன் அக்கா? இது ஸ்போர்ட். உக்காந்திருக்கறத நான் சுடவே மாட்டேன். பறக்க விட்டுத்தான் சுடுவேன். தப்பிக்க அதுக்கும் ஒரு சான்ஸ் குடுக்கணும்ல?"

அப்பா குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்து பார்த்தார். அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் மச்சினன் விருந்தாளி, அதுவும் மனசு ஒடிந்து வந்தவர். அப்பா வெகுநேரம் யோசித்தார், கணக்குப் போடுகிற மாதிரியே யோசித்தார். லெந்து நாளில் மாமிசம் தின்னக் கூடாது என்று இருக்கிறது. சுடக் கூடாது என்று எங்கும் இல்லை. வழிமுறையில் பிழை இல்லாததால் விடையும் சரி என்று முடிவு செய்தார்.

"சுட்டது உன் இஷ்டம் மாப்ள. ஆனா ஒண்ணு, இது நம்ம வீட்டு அடுப்புல ஏறாது."

"கண்ணிக்காரர் வீட்டுக்காவது குடுத்துடலாமே" என்றாள் அம்மா மெதுவாக. "சின்னப் புள்ளைங்க இருக்கற வீடு."

"நோன்பு நாள்ல நம்ம கையால மாமிசம் வெளிய போறதும் தப்புதான். நாம திங்காம அடுத்தவன திங்க வச்சா அதுக்குப் பேர் விரதமா? முருங்கை மரத்தடியில புதைச்சிடுங்க, மரத்துக்காவது ஆகும்."

கண்ணிக்காரர் என்று நாங்கள் சொன்னவர் ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்த இருளர். மனைவியும் மூன்று பிள்ளைகளும். அவர் வயலில் எலி பிடிப்பார், வீடுகளில் பாம்பு வந்தால் பிடிப்பார், கரையோரக் கோரைக்குள் கண்ணி வைத்துக் கானாங்கோழி பிடிப்பார். அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு விறகு கொண்டுவருவாள். மூத்த பெண்ணுக்கு என் வயது இருக்கும்.

அப்பா பள்ளிக்குக் கிளம்பியதும் அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். பதினோரு கிளுவையும் ஒரு சாக்குக்குள் இருந்தன. "முருங்க மரத்தடியில சும்மா ஒரு குழி தோண்டி மூடிடு. இத எடுத்துட்டுப் போய் அவங்ககிட்ட குடுத்துட்டு ஓடி வந்துடு. அப்பாக்குத் தெரிய வேணாம்" என்றாள். அப்புறம் என் தலையைத் தடவி, "பொய் சொல்லச் சொல்லல. கேட்டா மட்டும் சொல்லாத" என்றாள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

குடிசை வாசலில் சாக்கைப் பிரித்ததும் கண்ணிக்காரரின் மனைவிக்கு முதலில் சந்தேகம்தான் வந்தது. "இன்னா பாப்பா, உங்க வூட்ல யாரும் துன்ன மாட்டாங்களா?"

"லெந்து. நாங்க சாப்பிடக் கூடாது."

"துன்ன மாட்டீங்கோ. அப்பால எதுக்கு உங்க மாமா சுட்டுகினு வர்றாரு?"

"ஸ்போர்ட்" என்றேன். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. விளையாட்டு என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஒரு கிளுவையைக் கையில் எடுத்து, கழுத்தை இரண்டு விரலால் நிமிர்த்திப் பார்த்தாள். "வெள்ளாட்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே எடுத்துப் போனாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மாமா தினமும் சுட்டார். ஏழு, ஒன்பது, பதினான்கு. நான் முருங்கை மரத்தடியில் வெறுங்குழி தோண்டி மூடினேன். அப்பா சாயங்காலம் வந்து புது மண்ணைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். எங்கள் வீட்டு நோன்பு ஒரு குறையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

கண்ணிக்காரரைப் பெரிய தர்மவான் என்றும் நினைக்க வேண்டாம். அவர் தொழிலையும் நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு நாள் காலை கோரைக்குள் ஒரு கானாங்கோழி கால் மாட்டிக் கிடந்தது. எவ்வளவு நேரமாகத் துடித்ததோ, காலில் தோல் உரிந்து எலும்பு தெரிந்தது. நான் அழுதேன். அவர் ஒரு கையால் கண்ணியை அவிழ்த்து, மறு கையால் கழுத்தைத் திருகினார், நாம் முருங்கைக்காய் ஒடிக்கிற மாதிரி. "அழுவாத பாப்பா. அதுக்கு வலிச்சிது, இப்ப வலிக்கல" என்றார். மாமா சுடும்போது நான் அப்படி அழுததில்லை. தூரத்தில் விழுந்ததாலோ என்னவோ.

ஆனால் ஒன்று கவனித்திருந்தேன். அவர் கண்ணியில் இரண்டு மாட்டினால் அன்றைக்கு மீதிக் கண்ணிகளைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். நாங்கள் பறவை கொடுக்கத் தொடங்கிய பிறகு கண்ணி வைப்பதையே நிறுத்திவிட்டார். மாமாவுக்கு நிறுத்துகிற இடம் என்று ஒன்று இல்லை. தோட்டா தீர்ந்தால்தான் திரும்புவார். அடிபட்டுப் பாதி உயிரோடு கோரைக்குள் விழுந்ததை அவர் தேடிப் போனதும் இல்லை. "நாய் பாத்துக்கும், வா" என்பார்.

ஏரிக்கு நடுவில் ஒரு திட்டில் ஏழெட்டுக் கருவேல மரங்கள் நின்றன. அவற்றில் நாரைகள் கூடு கட்டியிருந்தன. மூக்கு மஞ்சள், வால் பக்கம் ரோஜா நிறம், ஆள் இடுப்பு உயரம். ஊரில் அந்தக் கூட்டு மரப் பறவையை யாரும் தொடக் கூடாது. அதன் எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் பயிர் நன்றாக வரும், அது ஏரியின் சொத்து. வாத்து, கோழி போனால் கேட்க மாட்டார்கள், கூட்டுப் பறவை போனால் ஊரே வரும். ஊர்ப் பெரியவர் அப்பாவிடம் வந்து பக்குவமாகச் சொல்லியிருந்தார். அப்பா மாமாவிடம் வாக்கு வாங்கியிருந்தார். மாமாவும், "நான் என்ன காட்டுமிராண்டியா அத்தான்?" என்று சிரித்தபடி வாக்குக் கொடுத்திருந்தார்.

குருத்தோலை ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஏரியில் கிளுவைகளே இல்லை. மிச்சம் இருந்தவை வேறு ஏரி பார்த்துப் போய்விட்டன. மாமா கரையில் நின்று வெற்றுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சின்னப் பிள்ளைக்குப் பொம்மை போன மாதிரி இருந்தது. கருவேல மரத்திலிருந்து ஒரு நாரை எழும்பி, குஞ்சுக்கு இரை தேடப் புறப்பட்டு எங்கள் தலைக்கு மேலே வந்தது. "இவ்ளோ உயரத்துல எட்டுமான்னு பாப்பமா?" என்றார். எட்டியது. அதன் ஜோடி கூட்டிலிருந்து எழும்பிச் சுற்றிச் சுற்றி வந்தது. அதையும் சுட்டார்.

கீழே விழுந்ததைப் பக்கத்தில் போய்ப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது. என்னைப் பார்த்தார். "அத்தான்கிட்ட சொல்லாத கண்ணு" என்றார். மரத்தில் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன, தகரத்தைத் தரையில் இழுப்பது போல. அந்தச் சத்தம் மறுநாள் மதியம் வரை பின்கதவு வழியாகக் கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது.

அன்று அப்பா வீடு வந்து சேர்வதற்குள் அந்த இரண்டையும் அம்மா சாக்கில் போட்டுக் கொடுத்தாள். நான் இழுத்துக்கொண்டு போனேன், தூக்க முடியவில்லை. கண்ணிக்காரரின் மனைவி பார்த்ததும் பின்வாங்கினாள். "ஐயோ, இது கூட்டுப் பட்சி பாப்பா. இத்த நாங்கோ தொட மாட்டோம்." பிறகு தன் பிள்ளைகளைப் பார்த்தாள். வேறு ஒன்றும் அன்று சமைக்க இல்லை என்பது எனக்கே தெரிந்தது. கண்ணிக்காரர் உள்ளிருந்து எட்டிப் பார்த்து, "செத்ததுக்கு அப்பால இன்னா கூட்டு, இன்னா காடு. மண்ணுல போட்டா அதுதான் பாவம். புள்ளைங்க துன்னட்டும்" என்றார். சாக்கை விட்டுவிட்டு நான் ஓடி வந்தேன்.

குருத்தோலை ஞாயிறு. கோவிலுக்குப் போய் ஓலை பிடித்துப் பாடிவிட்டு வந்து, வாசல் நிலையில் ஓலைச் சிலுவையைச் செருகிக்கொண்டிருந்தார் அப்பா. ஊர்ப் பெரியவரும் இன்னும் நாலு பேரும் கண்ணிக்காரரை நடுவில் விட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பெரியவர் கையில் ரோஜா நிற இறகுகள், ஒரு கைப்பிடி.

"வாத்தியார் சார், இவன் குடிசைக்குப் பின்னால குமிஞ்சி கெடக்குது. கூட்டுப் பறவைய அடிச்சி துன்னுருக்கான். வாத்து எறகு வேற ஒரு வண்டி இருக்கும். ஸ்டேஷனுக்கு ஒரு மனு எழுதணும், நீங்கதான் எழுதித் தரணும்."

அந்தப் பக்கத்தில் மனு என்றால் அப்பாதான். அவர் எழுதினால் அதிகாரிகள் படிப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை.

அப்பா முதலில் மாமாவைப் பார்த்தார். அவரும் நியாயமாகத்தான் தொடங்கினார் என்பதைச் சொல்ல வேண்டும். "மாப்ள, நீ?"

"சேச்சே. வாக்குக் குடுத்திருக்கேனே அத்தான்." நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார் மாமா. கண்ணை உயர்த்தவில்லை.

"என் மச்சான் சுட்டது அத்தனையும் எங்க முருங்க மரத்தடியில இருக்கு" என்றார் அப்பா பெரியவரிடம். "ஒரு எறகுகூட வெளிய போகல. அதுக்கு நான் பொறுப்பு."

கண்ணிக்காரர் அப்போதுதான் பேசினார். "வாத்தியாரய்யா, கண்ணியில கெளுவ மாட்டும். மரத்து உச்சியில பறக்கறது மாட்டுமா? புள்ள பல்லுல மாட்டினது இது, பாருங்கோ." உள்ளங்கையை விரித்தார். மிளகு மாதிரி நாலைந்து ஈயக் குண்டுகள் இருந்தன.

"குண்டு ஏரி பூராக் கெடக்கு" என்றார் மாமா. "எவனும் பொறுக்கலாம்."

"பொறுக்கல சாமி. உங்க வூட்டுப் பாப்பாதான் கொண்டாந்து குட்துச்சி. அல்லாத்தையும் அதுதான் கொண்டாந்துச்சி. கேளுங்கோ."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் கதவருகே, கையில் ஓலையோடு நின்றுகொண்டிருந்தேன். அப்பா என் முன்னால் வந்து குனிந்தார். கோபமே இல்லை. வகுப்பில் விடை தெரிந்த பிள்ளையைக் கேட்கிற குரலில் கேட்டார். "நீ குடுத்தியாம்மா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். வாயை முந்தானையால் மூடியிருந்தாள், கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் சொல்லாதே என்று சொன்னது. சொன்னால் அம்மா அப்பாவை ஏமாற்றியது தெரியும், மாமா வாக்கு மீறியது தெரியும், இத்தனை நாள் வெறுங்குழி தோண்டியது தெரியும். பத்து வயதுத் தலைக்குள் இவ்வளவும் ஒரே நொடியில் வந்து போயிற்று.

"இல்லப்பா" என்றேன்.

அப்பா நிமிர்ந்தார். அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் இன்னும் மறக்கவில்லை. "எம் பொண்ணு பொய் சொல்லாது" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி.

கண்ணிக்காரர் என்னைத் திட்டவில்லை, முறைக்கவும் இல்லை. புரியாமல் பார்த்தார். நான் மறந்துவிட்டேனோ, ஞாபகப்படுத்தினால் சொல்லிவிடுவேனோ என்பது போல. "சாக்குல பாப்பா... வெள்ளாட்டுன்னு சொன்னியே" என்றார். பெரியவரோடு வந்த ஒருவர் அவர் பிடரியில் ஓர் அடி வைத்தார். அவர் கையிலிருந்த குண்டுகள் வாசலில் சிதறின.

அப்பா மனுவை அன்று மதியமே எழுதினார். இரண்டு பிரதி வேண்டும். இரண்டாவது பிரதியை என்னை எழுதச் சொன்னார், என் கையெழுத்து குண்டு குண்டாக நன்றாக இருக்கும் என்று. "இரக்கமின்றி" என்ற வார்த்தைக்கு எந்த ற, ர என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொல்லித் தந்தார். நோட்டுப் புத்தகத் தாள் இல்லை, கோடு போடாத நீளத் தாள், வரி கோணாமல் எழுத அடியில் கோடு போட்ட அட்டை. நடுவில் ஒரு தடவை, "அப்பா" என்று கூப்பிட்டேன். "முடிச்சிட்டுப் பேசு" என்றார். முடித்ததும் மை காய ஊதி, தாளை அவரிடம் நீட்டினேன்.

திங்கட்கிழமை கண்ணிக்காரரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். ஈஸ்டருக்கு முந்தின அந்தக் கஸ்தி வாரம் முழுக்க அவர் திரும்பவில்லை. பெரிய வெள்ளியன்று கோவிலில் மூன்று மணி நேர ஆராதனை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தூக்கம் வருகிறது என்று நினைத்து அப்பா தொடையில் தட்டி, "கவனி" என்றார். மாமா அன்று கோவிலுக்கு வரவில்லை. காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். அவருக்கு உண்மையிலேயே காய்ச்சல் அடித்தது, அம்மா நெற்றியில் பற்றுப் போட்டாள்.

சனிக்கிழமை காலை கண்ணிக்காரரின் மனைவி பின்கதவுக்கு வந்தாள். அம்மா அரிசியும் பருப்பும் ஒரு துணியில் கட்டிக் கொடுத்தாள். அவள் வாங்கிக்கொண்டாள். "வுட்டுட்டாங்கோ. மணிக்கட்ட ஒடச்சி வுட்டுட்டாங்கோம்மா. வலது கையி. இனிமே எப்டி கண்ணி முடிச்சிப் போடும்?" என்றாள். அழவில்லை, நிஜமாகவே கேட்டாள். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவளுடைய மகள் வேலிக்கு வெளியே நின்று என்னைப் பார்த்தாள். நான் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

ஈஸ்டர் காலையில் எங்கள் வீட்டில் கோழிக்குழம்பு. அப்பா ஜெபம் பண்ணி, நாற்பது நாள் எங்களைக் காத்து நடத்தினதற்கு நன்றி சொல்லி, முதல் துண்டை எனக்கு வைத்தார். நான் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது, இதையும் சொல்லிவிட வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஏரிக்கரைப் பக்கம் புகை தெரிந்தது. குடிசையை யாரோ கொளுத்தியிருந்தார்கள். கண்ணிக்காரர் குடும்பம் அதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தது. படப்பைப் பக்கம் போனதாக யாரோ சொன்னார்கள்.

மாமா மறுநாள் புறப்பட்டார். மலைக்குப் போன பிறகு துப்பாக்கியை விற்றுவிட்டதாகக் கேள்வி. எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, அவர் சாகும்வரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தனியாக இருக்க நேர்ந்தால் வானிலை பேசுவார். தோட்டாக் குப்பி டப்பாவை நான் கிணற்றில் போட்டேன்.

அப்பா எண்பது தாண்டி இருந்தார். சொந்தக்காரர் யார் வந்தாலும், "எம் பொண்ணு பத்து வயசுலயே சாட்சி சொல்லியிருக்கா. ஒரு பொய் வராது அவ வாயில" என்று ஆரம்பித்துவிடுவார். நான் காபி போட உள்ளே போய்விடுவேன். கடைசி நாட்களில் அவரிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை பக்கத்தில் உட்கார்ந்தேன். நாற்பது வருடமாக ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பதைப் பிடுங்க எனக்குத் தைரியம் வரவில்லை. தைரியமா, இரக்கமா என்று கேட்டால் தெரியவில்லை. அவர் அடக்கத்தன்று பாதிரியார் பிரசங்கத்திலும் அந்தக் கதை வந்தது.

படப்பைப் பக்கம் மூன்று முறை தேடிப் போயிருக்கிறேன். ஓரகடம் போகிற சாலையில் கம்பெனி பஸ்கள்தான் போகின்றன. இருளர் குடியிருப்பு ஒன்றில், வலது கை விளங்காத ஒரு பெரியவர் முன்பு இருந்தாரா என்று விசாரித்தேன். "கை கால் ஒடஞ்சவங்க எங்காளுங்கள்ல நெறைய பேரு கீறாங்கம்மா, நீ யார கேக்கற?" என்றாள் ஒரு பெண். அவள் சொன்னதில் கேலி இல்லை.

போன வருடம்தான் அம்மா போனாள், உங்களில் பலர் வந்திருந்தீர்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஒரு மதியம் அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். புத்தி தெளிவாக இருந்த நாள். இத்தனை வருடமும் கேட்காததைக் கேட்டேன்.

"ஏம்மா, அன்னிக்கு ஏன் என்ன அப்படிப் பாத்த? சொல்லாதன்னு?"

எந்த அன்னிக்கு என்று அவள் கேட்கவில்லை. ஸ்பூனைக் கையால் தள்ளினாள்.

"சொல்லாதன்னா பாத்தேன்? சொல்லிடும்மான்னு பாத்தேன். எனக்கு வாய் வரல. என் தம்பி எதுக்க இருக்கான், உங்கப்பா எதுக்க இருக்காரு. நீ ஆமான்னு ஒரு வார்த்த ஆரம்பிச்சிட்டா, நாந்தான் குடுத்து அனுப்பினேன்னு முன்னாடி வந்துடலாம்னு நின்னேன். நீ இல்லன்னுட்ட. அப்புறம் நான் பேசினா நீ பொய்காரியாயிடுவ. ஊர் முன்னாடி எம் புள்ளய எப்படிக் காட்டிக் குடுக்கறது?"

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "உன்னக் காப்பாத்தினேன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றாள். நானும் அவளைக் காப்பாற்றியதாகத்தான் ஐம்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கஞ்சி ஆறிப்போய் ஏடு கட்டியது.

வேட்டையில் எது சரி, எது தப்பு என்று நாளைக்கு பெஞ்சில் மறுபடி பேசுவீர்கள். பேசுங்கள். என்னைக் கேட்காதீர்கள். என்னிடம் கேட்ட ஒரே கேள்விக்கு நான் தப்பாகப் பதில் சொன்னவள். அன்று அந்த வாசலில் நின்றவர்களில் இன்று உயிரோடு இருப்பது எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். இனி சொல்லி அவருடைய ஒடிந்த கை கூடிவிடப் போவதில்லை, தெரியும். ஆனாலும் யாரிடமாவது சொல்லியாக வேண்டும், உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஆமாம்ப்பா. நான்தான் குடுத்தேன்.